நாற்காலியில் கிடந்த துண்டு

ஐப்பசி 9, புதன்

காலையிலிருந்து விடாத தூறல். முகூர்த்த நாள் வேறு. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நிற்க இடமில்லை. நல்ல நாளில் பதிந்தால் நிலம் நிலைக்கும் என்று ஜனங்கள் நம்புவதால்தான் பத்திரம் எழுதும் எனக்குச் சோறு. ஒரு மணிக்குள் நான்கு கிரயம், ஒரு பாகப்பிரிவினை. பாகப்பிரிவினைக்காரர்கள் அண்ணன் தம்பி. ஒரு வேப்பமரம் யாருக்கு என்று வாசலிலேயே ஒருவர் சட்டையை ஒருவர் கிழித்துக்கொண்டார்கள். மரம் போன புயலில் விழுந்துவிட்டதாம். கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

வாங்க வேண்டியது: கொசுவத்தி. மங்கைக்கு இடுப்புவலித் தைலம். முத்திரை மை.

ஒன்றேகாலுக்குச் சாப்பாட்டுக் கடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருப்பது. முகூர்த்த நாளில் அரியலூரில் கல்யாணப் பந்தியில்கூட இடம் கிடைக்கும், இங்கே கிடைக்காது. டோக்கன் கிடையாது. முறைகள் இரண்டு. ஒன்று, சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது. அவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்று இலையையே பார்ப்பது. மறு சோறு கேட்டால் மனதுக்குள் வைவது. இரண்டு, நாற்காலி காலியானதும் துண்டைப் போட்டுவிட்டுக் கைகழுவப் போவது. முதலாவது அனுபவ பாத்தியம். இரண்டாவது பதிந்த பத்திரம். ஒரே நாற்காலியில் இரண்டும் மோதினால் துண்டுதான் ஜெயிக்கும். ஊரறிந்த சட்டம். எனக்கும் தெரியும்.

இருபது நிமிஷம் ஒரு வாத்தியாரின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு முறை சோறு வாங்கினார். ஒருவழியாக எழுந்தார். குடையை மூலையில் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் நாற்காலியில் வெள்ளைத் துண்டு. சிவப்புக் கரை. துண்டுக்குரியவர் கைகழுவும் இடத்தில். துரைக்கண்ணு. ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் ஓட்டும் லாரிகள் வைத்திருப்பவர், உடையார்பாளையம் பக்கத்துப் பெரிய குடும்பம். (இனி து.க. என்று குறிப்பிடப்படுபவர்.)

பசி. துண்டின் நுனியை இரண்டு விரலால் தூக்கி நாற்காலி முதுகில் போடப் பார்த்தேன். வழுக்கித் தரையில் விழுந்தது. தரையில் யாரோ சிந்திய வத்தக்குழம்பு. குனிந்து எடுக்கத் தொந்தி விடவில்லை. காலால் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். இலை வந்தது. தண்ணீர் தெளித்தேன். பீன்ஸ் பொரியல்.

து.க. ஈரக்கையை உதறிக்கொண்டு வந்தார். நாற்காலியைப் பார்த்தார். குனிந்தார். அவர் குனிய முடிகிற ஆள். துண்டை வெளியே இழுத்தார். குழம்பு, நடுவில் ஒரு செருப்பு அச்சு.

"எவன்டா என் துண்டக் கீழ போட்டவன்?"

கடையே நிமிர்ந்தது. அப்பளம் கடித்தவர்கள்கூட மெல்லாமல் இருந்தார்கள். என் வாய் இந்த ஊரில் பிரசித்தம். சாவு வீட்டில்கூட மூடாது. அந்த நேரம் மூடிக்கொண்டது. தாடையை மட்டும் ஒரு தூக்குத் தூக்கினேன்.

தாடை காட்டிய பக்கம் மாணிக்கம் வந்துகொண்டிருந்தார். பதினொரு வருஷமாக எனக்குப் பரிமாறுகிறவர். "வூட்டுக்காரம்மாவுக்கு" என்று நான் கேட்டு வாங்கும் இரண்டாவது அப்பளத்தை நானே தின்பது அவருக்கு மட்டும் தெரியும். கீழப்பழுவூர்க்காரர். அந்தப் பக்கத்தில் எவர் எவர் வயலில் அவர் அப்பன் நடவு நட்டார் என்பதும் எல்லாருக்கும் தெரியும், து.க.வுக்கும். இடது கையில் சாம்பார் வாளி. வலது கையில் கரண்டி.

பளார். காதைச் சேர்த்து.

"அந்தக் கையால என் துண்டத் தொட்டியாடா?"

"நான் தொடலங்க. கையில வாளி..."

இன்னொரு அறை. அதே காது. மாணிக்கம் கீழே விழவில்லை. வாளியும் சிந்தவில்லை, அதுதான் ஆச்சரியம். பழக்கம். "மேல கை வெக்காதீங்க" என்றார், மெதுவாக. து.க. வயிற்றில் உதைத்தார்.

அதற்கப்புறம்தான் வாளி சுழன்றது. முழு வாளி. அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்தது. கழுத்து, வலது தோள், மார்பு. து.க. போட்ட சத்தம் மனிதச் சத்தம் இல்லை. யாரோ சட்டையைக் கழற்றினார்கள், சட்டையோடு தோலும் வந்தது. காறை எலும்பில் ஒரு முருங்கைக்காய் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

து.க.வுடன் வந்த இரண்டு பேர் நாற்காலியால் அடித்தார்கள். மாணிக்கம் கரண்டியால் ஒருவன் நெற்றியைப் பிளந்தார். எவர்சில்வர் டம்ளர்கள் பறந்தன. கல்யாணத்துக்கு வந்த ஒரு பட்டுப்புடவை, முழங்கையால் எவனையோ இடித்துவிட்டு, மொய்க்கவரைப் பல்லில் கடித்தபடி ஓடியது. கடைசியில் மாணிக்கத்தைத் தரையில் போட்டு மிதித்தார்கள். காதிலிருந்து ரத்தம்.

நான் எங்கே? மேஜைக்கு அடியில். துண்டு இருந்த இடத்தில். தலைக்கு மேல் இலையைப் பிடித்துக்கொண்டு. பொரியல் சட்டைப் பைக்குள்.

மாணிக்கத்தைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். முதலாளி சேகர் கேமரா இருக்கிறது என்றார். கேமரா கல்லாவைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழுவி, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் வைத்தேன். தைலம் வாங்க மறந்துவிட்டது.

10, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

டீக்கடையில் நேற்றைய கதையை மூன்று முறை சொன்னேன். து.க. போலக் கத்திக் காட்டினேன். நல்ல வரவேற்பு. மூன்றாம் தடவை சாம்பார் இரண்டு வாளி ஆகிவிட்டது. துண்டு எப்படிக் கீழே போனது என்று எவனும் கேட்கவில்லை. சர்வர்தான் என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள்.

"சோறு போடுறவனுக்கு எவ்வளவு திமிரு பாருங்க" என்றான் ஒருவன், என் காசில் பஜ்ஜி தின்றுகொண்டே. நான் தலையாட்டினேன். எழுதும்போதே கூசுகிறது, ஆனால் ஆட்டினேன்.

மாணிக்கம் உள்ளே. து.க.வைப் பெரம்பலூரில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.

பதினொன்றரைக்குக் கிளம்பும்போது மங்கை: "ஏங்க, ஆபீசுக்கு பாத்ரூம் செருப்பப் போட்டுக்கிட்டுப் போறீங்க? தீவாளிக்கு எடுத்த தோல் செருப்பு என்னாச்சு?"

"கடிக்குது."

"செருப்பா கடிக்குது?" என்றாள். முப்பது வருஷமாக என் பொய்களோடு குடித்தனம் நடத்துகிறவள்.

மதியம் மூன்று மணி. சாப்பாட்டுக் கடைக்கு எதிரே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு லாரி வந்து நின்றது. பதினைந்து பேர் இருக்கும். முன்னால் து.க.வின் மச்சினர் செந்தில், கையில் லாரி ஜாக்கி. முதலில் பலகாரக் கண்ணாடி. அப்புறம் கைகழுவும் தொட்டி. தோசைக்கல்லைச் சூட்டோடு புரட்டித் தள்ளினார்கள், அது மாஸ்டர் காலில் விழுந்தது. அவர் கத்தியது ஜெராக்ஸ் மிஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. "ஒரு துண்டுக்காடா இவ்வளவு" என்று குறுக்கே போன சேகரை ஜாக்கியால் முழங்கையில். எலும்பு ஒடியும் சத்தம் கரும்பு ஒடிக்கிற மாதிரிதான் இருக்கிறது. ஒருவன் மைசூர்பாக்குத் தட்டின் மேல் ஏறி நின்று மிதிமிதியென்று மிதித்தான். மைசூர்பாக்கு அவனுக்கு என்ன கெடுதல் செய்ததோ.

ஜெராக்ஸ் கடைக்காரர் என்னிடம், "எத்தன காப்பி சார்?"

"ஒண்ணு போதும்."

கிளம்பிய அவசரத்தில் ஒரிஜினலை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். நாளை எடுக்க வேண்டும்.

11, வெள்ளி

வெயில். ஆபீஸ் மரத்தடியில் என் மேஜை. பத்து மணிக்கு ஒரு அம்மா வந்து எதிரே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மனு எழுதணுங்க. மாணிக்கம் வூட்டுக்காரி நான். பார்வதி."

பேனாவைத் தேடுவதுபோல் குனிந்தேன். பேனா காதில் இருந்தது.

"சொல்லும்மா."

"அவரு துண்டத் தொடலைன்னு எழுதுங்க. தொட்டிருந்தா தொட்டேன்னு சொல்ற ஆளுங்க. சாம்பார ஊத்துனத ஊத்துனேன்னு சொல்லிட்டாருல்ல? அதச் சொன்னவரு இத ஏன் மறைக்கப் போறாரு? ரெண்டு கையிலயும் சாமான். எந்தக் கையால எடுப்பாரு?"

எழுதினேன்.

"அப்புறம், துண்டுல செருப்பு அச்சு இருக்காம். ஸ்டேஷன்ல வெச்சிருக்காங்க. இவரு வெறுங்கால்லதான் பரிமாறுவாரு. பதினோரு வருசமா. எல்லாரும் பாத்திருக்காங்க, ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க."

எழுதினேன். "அடையாளம் தெரியாத நபர் ஒருவர் மேற்படி துண்டைத் தரையில் தள்ளி" என்று என் கையால், என் அழகான எழுத்தில்.

"யாருங்க அந்த நபரு?"

"அது... ஒரு வார்த்தைக்குப் போடுறதும்மா."

அவர் என்னையே பார்த்தார். "நேத்து கோர்ட்ல வெச்சி ஒரு நிமிசம் பாத்தேன். காது வீங்கி இருக்கு. 'அந்த மேஜையில பத்திரக்கார சாரு இருந்தாரு, அவரு பாத்திருப்பாரு, அவரு சொல்லுவாரு'ன்னு சொன்னாரு. ஒங்களத்தானுங்க?"

நான் அப்போது மேஜைக்கு அடியில் இருந்தேன் என்றேன். பொய் இல்லை. பத்திரத்தில் எழுதும் உண்மைகள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

கூலி வாங்கவில்லை. அதற்கு அவர் கும்பிட்டார். கும்பிட்டதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் கூடத்தின் நடுவில், சாமி படத்துக்கு நேர் கீழே, என் தோல் செருப்பு. சிலிண்டர் மாற்ற ஆள் வந்திருக்கிறான். மங்கை காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கழுவியும் மஞ்ச போவல" என்றாள். "சோறு போட்ட கைய ஒடச்சிட்டு வந்துருக்கீங்க."

இரவுச் சாப்பாடு: நானே வைத்த தயிர்சோறு. உப்பில்லை.

12, சனி

பெரம்பலூர் பஸ். வழியெல்லாம் கல் லாரிகள், ஒவ்வொன்றும் து.க.வுடையது போலவே தெரிந்தது. ஸ்டேஷனுக்குப் போகுமுன் அவரிடம் நேரில் சொல்லிவிடுவது மரியாதை என்று ஒரு யோசனை. (யோசனை என்னுடையது, அதிலேயே தெரிந்திருக்க வேண்டும்.) மரியாதைக்கு ஒரு புதுத் துண்டும் வாங்கினேன், சிவப்புக் கரை. தோளெல்லாம் வெந்த மனிதனுக்குத் துண்டு. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

து.க. கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்திலிருந்து இடுப்புவரை கட்டு. பக்கத்தில் மச்சினர் செந்தில், ஐந்தடுக்கு டிபன் கேரியரோடு.

"வாங்க பத்திரக்காரரே" என்றார் து.க. "உக்காருங்க."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். துண்டை எடுத்தது நான், தள்ளியது நான், தாடையைத் தூக்கியதும் நான். சொல்லி முடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. ஒரு கண்ணைத் திறந்தேன். சிரிக்கிறார்!

"அட, நீங்களா? அப்பவே சொல்ல வேண்டியதுதான? பசியில உக்காந்துட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா, சாப்புடுங்கன்னு சொல்லிட்டு நான் பின்னாடி நின்னுருப்பனே. ஒரு துண்டுதான, என்ன இப்ப?"

"அப்ப மாணிக்கத்த அடிச்சது..."

"அவன் தொட்டான்னுல்ல நெனச்சேன்."

அவ்வளவுதான் விளக்கம். வெந்த கழுத்தை வைத்துக்கொண்டு, பாசத்தோடு சொன்னார். "செந்திலு, சாருக்கு காபி ஊத்து." ஊற்றினான். குடித்தேன். நல்ல காபி. அதுதான் கேவலம், நல்ல காபியாக இருந்தது.

பாதி டம்ளரில், "திங்கக்கெழம ஸ்டேஷன்ல போய் இதச் சொல்லிடுறேங்க" என்றேன்.



"எதுக்கு?" என்றார் து.க.

"அவரு உள்ள இருக்காருங்க."

"இருக்கட்டும்."

"இல்லீங்க, சொல்லத்தான்..."

டிபன் கேரியர் பக்கவாட்டில் வந்தது. ஐந்து அடுக்கும் நிறைந்திருந்தது என்பது என் தாடைக்குத் தெரியும். ஆமாம், அதே தாடை. இரண்டாவது அடியில் மூடி கழன்று இட்லி உருண்டது. மூன்றாவது மூக்கில். தரையில் கிடந்தவனை விலாவில் உதைத்தான் செந்தில். "எங்க மாமா வெந்து கெடக்குறாரு, நீ அவனுக்குச் சாட்சியாடா?" என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் உதை. நீளமான வாக்கியம். து.க. கட்டிலிலிருந்து, "விட்றா, சட்னியெல்லாம் போச்சு" என்றார்.

நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார். "சார், இங்க அடிச்சுக்காதீங்க. பேஷண்ட்டுக்குத் தொந்தரவு."

ஆஸ்பத்திரியிலேயே அடிபடுவதில் ஒரு வசதி, ஆட்டோ தேவையில்லை. இரண்டு அறை தள்ளிப் படுக்கப் போட்டுத் தையல் போட்டார்கள். பற்கள் இரண்டு, வலப்பக்கம். ஒன்றை விழுங்கியிருக்கிறேன் போல. புதுத் துண்டு ரத்தத்தை நன்றாக உறிஞ்சியது. நல்ல நூல்.

14, திங்கள்

முகம் பலாப்பழம். மங்கை கஞ்சி வைத்துக் கொடுத்தாள். உப்பு இருந்தது. தோல் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருந்தாள். போட்டுக்கொண்டேன்.

வாக்குமூலம் நானே எழுதிக் கொண்டுபோனேன். "சுயநினைவுடனும் பிறர் தூண்டுதலின்றியும்" என்று ஊருக்கெல்லாம் எழுதிய கை. நான்கெல்லையும் போட்டேன்: நாற்காலிக்குக் கிழக்கே கைகழுவும் இடம், மேற்கே கல்லா, வடக்கே என் குடை, தெற்கே வாளியோடு மாணிக்கம். எஸ்.ஐ. படித்துவிட்டு, "தாடையத் தூக்குனேன்னு போட்டிருக்கீங்க. எப்படித் தூக்குனீங்க?" என்றார். தூக்கிக் காட்ட முடியவில்லை, தையல்.

"செருப்பு?"

கழற்றிக் கொடுத்தேன். துண்டை விரித்து அச்சின்மேல் வைத்தார்கள். கச்சிதம். வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன். ரோடெல்லாம் லாரியில் சிந்திய கல்.

கார்த்திகை 2, வெள்ளி

குளிர். வெல்லம் வாங்க வேண்டும், தீபத்துக்கு.

மரத்தடியில் என் மேஜையை எவனோ நாலாக உடைத்துப் போட்டிருக்கிறான். பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்து ஒரு கிரயம். உடையார்பாளையம் பக்கத்துக் கட்சிக்காரர்கள் யாரும் வருவதில்லை, என்னைப் பார்த்தால் செருப்பைக் காட்டிச் சிரிக்கிறார்கள். நல்ல நகைச்சுவைதான். நான் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

மாணிக்கத்துக்கு ஜாமீன் கிடைத்துப் பத்து நாளாகிறது. து.க. பேரிலும் ஒரு வழக்கு. இரண்டும் நடக்கும், என் மிச்சப் பற்கள் விழும்வரை நடக்கும். சாப்பாட்டுக் கடை திறந்துவிட்டது. பலகாரக் கண்ணாடி இல்லை, சேகர் கை கழுத்தில் கட்டிய தொட்டிலில். மாணிக்கத்தை வேலைக்கு வைக்கக் கூடாது என்று செந்தில் ஆள் அனுப்பியிருக்கிறான். "இந்தக் கையையும் ஒடச்சிட்டு வந்து சொல்லு" என்றாராம் சேகர். கடைக்கு வந்த ஒரே லாபம் அந்த வார்த்தை.

எட்டு நாளாகக் கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். இன்று போனேன். கூட்டம். ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்றேன், துண்டு போடவில்லை. ஆள் எழுந்தார். உட்கார்ந்தேன். இலை வந்தது. தண்ணீர் தெளித்தேன்.

மாணிக்கம் வந்தார். இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி. என் மேஜை அருகே நின்றார். வாளியைக் கீழே வைத்தார். அதன்மேல் கரண்டியைக் குறுக்கே வைத்தார். பதினொரு வருஷத்தில் அவருடைய இரண்டு கையும் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அறைந்தார். தையல் போட்ட பக்கம்.

கடையே நிமிர்ந்தது. நான் நாற்காலியோடு சாய்ந்து சுவரில் இடித்து நின்றேன். வாய்க்குள் ரத்தச் சுவை. சேகர் கல்லாவிலிருந்து எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாணிக்கம் இடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாளியை எடுத்தார்.

"சாம்பாரா, ரசமா சார்?"

"ரசம்."

"என்ன?"

இடது காது கேட்பதில்லையாம் அவருக்கு. வலது காதை என் பக்கம் திருப்பிக் குனிந்தார். கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு தரம், சத்தமாகச் சொன்னேன்.